சோலி இல்லாம திருவனந்தபுரம் போயிருக்கீங்களா?

நம்ம பதிவுலக மக்கள் எழுதுற பயணக் கட்டுரைகளை ஒண்ணு விடாம வாசிக்கிறவன் நான். பாங்காக், பாலி, துபாய்னு ஆளாளுக்குப் படம் போட்டுத் தாக்குறீங்க. வயித்தெரிச்சல் இல்லைன்னு சொன்னா சேர்மன் சாமி கண்ணைக் குத்திடும் :-) ஏரல் பஜாரில் கடை வச்சிருக்கிற எனக்கு, ஷட்டரைச் சேர்ந்தாப்புல ரெண்டு நாள் இறக்கிப் போடுறதே பெரிய காரியம். கல்யாணம், கருமாதின்னா ஊர் ஒத்துக்கிடும். "சும்மா ஊர் சுத்தப் போறேன்"னா ஒரு மாதிரி பாப்பாங்க.

சரி, எல்லை தாண்டணும். ரெண்டே நாள்தான். பாஸ்போர்ட் கிடையாது, செலவும் கையைக் கடிக்கக்கூடாது. எங்க தாத்தா காலத்துல எல்லை தாண்டுறதுன்னா கொழும்புதான், தூத்துக்குடியில ஏறினா போதும். 2011 ஜூன்ல 'ஸ்கோடியா பிரின்ஸ்' கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட ஆரம்பிச்சப்ப நானும் ஆசைப்பட்டேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, நவம்பரோட நின்னு போச்சு. ஆக, எங்களுக்கு மிச்சம் இருக்கிற எல்லை களியக்காவிளைதான். ஊர் திருவனந்தபுரம். திருநெல்வேலியில இருந்து சுமார் 150 கிலோமீட்டர்.

"இது தெரியாதாக்கும்?"னு நீங்க கேக்கிறது காதுல விழுது. தெரியும், எல்லாருக்கும் தெரியும். பிரச்சினையே அதுதான். எங்க பக்கம் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், குரும்பூர்னு எங்க போய்க் கேட்டாலும் திருவனந்தபுரம் போகாத வீடு குறைவு. அந்த ஊரைப் பாத்த வீடு அதை விடக் குறைவு. ஒண்ணு, மச்சானை வளைகுடாவுக்கு ஏத்தி விட ஏர்போர்ட்டுக்குப் போயிருப்பாங்க. இல்லைன்னா ஆஸ்பத்திரி. அந்த மெடிக்கல் காலேஜ் வளாகத்துல மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ல வந்தது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவுல ரயில் ஓட ஆரம்பிச்சதும் அதே 1981-லதான். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனா எங்க சனத்துக்கு அந்த ரயில்னா அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

எங்க அப்பாவும் அப்படிப் போனவர்தான். 2016 கடைசியில ஆரம்பிச்சு 2017 வரைக்கும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை போனோம். செவ்வாய்க்கிழமை காலையில டோக்கன், அதனால திங்கட்கிழமையே போய் இறங்கிடுவோம். லாட்ஜ்ல பையை வச்சிட்டா அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒரு சோலியும் கிடையாது. முதல் தடவை போனப்ப அப்பா கேட்டாங்க, "எய்யா, இங்க மிருகக்காட்சி சாலை இருக்குல்லா? பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கூட்டிட்டு வந்தாங்க. நீர்யானை உண்டு. ஒரு எட்டுப் போய்ப் பாப்போமா?" எனக்கும் அவரை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு இருந்துது. ஆட்டோ புடிச்சுப் போனோம். கேட் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை வார விடுமுறையாம். விசாரிக்காமப் போனது எங்க தப்பு.

அதுக்கப்புறம் நாங்க போன எல்லா நாளும் திங்கட்கிழமைதான். செவ்வாய்க்கிழமை மருந்து ஏறினதும் அவரால உக்காரக்கூட முடியாது, நேரே வீட்டுக்குத்தான். பதினோரு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் தம்பானூர்ல இறங்கும்போது, "என்னடே, இன்னைக்கும் நீர்யானைக்கு லீவுதானா?"ம்பாங்க. சிரிப்போம். 2017 கடைசியில அப்பா போயிட்டாங்க.

அதுல இருந்து அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே எனக்கு டெட்டால் வாசம்தான் வரும். நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனா, "அப்படியே திருவனந்தபுரம் போயிட்டு வருவோமா"ன்னு வீட்டுல கேப்பாங்க, பேச்சை மாத்திருவேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல கடைக்குள்ள தண்ணி புகுந்து சரக்கு பூரா போச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சுதே, அந்த வெள்ளம்தான். அப்புறம் ஒரு வருஷம் எந்த டூரையும் நினைச்சுப் பாக்கக்கூட முடியலை. கடைசியில 2025-ல ஓணத்துக்கு ரெண்டு வாரம் முன்ன, அம்மா, வீட்டம்மா, பொண்ணு, நான்னு நாலு பேரும் கிளம்பினோம். வியாழன் காலையில போய் வெள்ளி ராத்திரி திரும்புறதுதான் திட்டம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பக்கத்துக் கடை அண்ணாச்சி பிடிச்சுக்கிட்டார். "வே, உமக்கு ரோசம் இருக்கா? அவன் ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டுதான், நீரு அவன் ஊருக்குப் போய்த் துட்டை எறச்சிட்டு வரப் போறீராக்கும்?"

அவர் சொன்னது சும்மா இல்லை. 2024 டிசம்பர்ல திருநெல்வேலிக்குப் பக்கத்துல நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளோட கழிவை மூட்டை மூட்டையா கொட்டிட்டுப் போனாங்க. ஊசி, கையுறை, நோயாளிகளோட விவரம் எழுதின காகிதம் எல்லாம் கிடந்துது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் கேரள அரசு லாரி அனுப்பி அள்ளிட்டுப் போச்சு. பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு வேற மாதிரி இருந்தது. அந்தக் காகிதத்துல பேர் இருக்கிறவங்க யாரு? எங்க அப்பா மாதிரி யாரோ ஒருத்தர்தானே. அதுல எத்தனை பேர் எங்க பக்கத்துல இருந்தே போனவங்களோ.

கோவம் நியாயமானது. அதை யாருக்காகவும் குறைச்சுக்க வேண்டாம். ஆனா அந்தக் கோவம் போய்ச் சேர வேண்டிய விலாசம் கழிவை ஒழுங்கா அழிக்காத நிர்வாகம், அதை எடுத்துட்டு வந்த காண்டிராக்ட்காரன், இங்க கொட்டுறதுக்கு இடம் காட்டின நம்மூர் ஏஜென்ட். தப்பு நடந்ததுன்னு ஒரு ஊரையே தள்ளி வைக்கிறதா இருந்தா தாமிரபரணியில சாக்கடையைத் திறந்து விடுற நம்ம ஊருகள்ல ஒண்ணுல கூட நாம குடியிருக்க முடியாது. அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னேன். "நீரு பேசுவீரு, ப்ளாக் எழுதுற ஆளுல்லா"ன்னுட்டார்.

எனக்கு அந்த ஊர்மேல இன்னொரு கடனும் உண்டு. 2017-ல ஆஸ்பத்திரி வாசல்ல மத்தியானம் பொதிச்சோறு கொடுப்பாங்க. அக்கம்பக்கத்து வீடுகள்ல ஆக்கின சோறு. அவங்க வீட்டுக்கு ஆக்கும்போது கூட ஒரு பொதி கட்டி வைப்பாங்களாம், பையன்கள் போய் வாங்கிட்டு வந்து வரிசையில நிக்கிறவங்களுக்குக் கொடுப்பாங்க. வாழையிலையைப் பிரிச்சா சம்பா அரிசிச் சோறு, தோரன், ஒரு துண்டு மீன். ஊறுகாயை மட்டும் தனியா ஒரு சின்ன இலையில மடிச்சு வச்சிருப்பாங்க. யாரு பொண்டாட்டி, யாரு அம்மா கட்டினதுன்னு தெரியாது. வாங்கும்போது எந்த ஊருன்னு ஒருத்தனும் கேட்டதில்லை. அதே ஊர்ல லாட்ஜ்காரர் ஒருத்தர் என் காதுபடவே "பாண்டி"ன்னும் சொல்லியிருக்கார். ரெண்டும் நடந்ததுதான். நம்ம பக்கம் மலையாளிகளைப் பத்தி அடிக்கிற ஜோக்கை எல்லாம் கூட்டினா அந்த ஒரு வார்த்தைக்குக் கணக்கு நேராயிரும்னு விட்டுட்டேன்.

இப்ப டூருக்கு வருவோம். பஸ்ல போய் முதல்ல தக்கலையில இறங்கினோம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறுறதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் ராஜாக்கள் இங்கதான் இருந்தாங்க. 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடுன்னு நாலு தாலுகா தமிழ்நாட்டோட சேந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சே, அப்ப அரண்மனை இருக்கிற மண்ணு நமக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறைகிட்டயே நின்னுக்கிட்டு. இன்னைக்கும் அவங்கதான் பராமரிக்கிறாங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பராமரிக்கிறாங்க. கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னுது. "நம்ம கையில இருந்திருந்தா?"னு வீட்டம்மா கேட்டா. நான் பதில் சொல்லலை.

வருஷா வருஷம் நவராத்திரிக்கு இங்க இருந்து சரஸ்வதி, சுசீந்திரத்துல இருந்து முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரகோயில்ல இருந்து முருகன்னு மூணு சாமிகளும் ஊர்வலமா திருவனந்தபுரத்துக்குப் போகும். களியக்காவிளையில கேரளப் போலீஸ் அணிவகுத்து நின்னு மரியாதையோட வாங்கிக்கிடும். கொலு முடிஞ்சதும் திரும்பி வந்துடும். அந்தச் சரஸ்வதி கம்பர் கும்பிட்டதுன்னு ஐதீகம். 1956-ல மாநிலம் பிரிஞ்ச பிறகும் இந்தப் பயணம் நிக்கலை. நான் ரெண்டு நாள் கடையை மூடுறதுக்கு இத்தனை யோசிக்கிறேன், சரஸ்வதி வருஷம் தவறாம எல்லை தாண்டிப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கா :-)

சாயங்காலம் கோவளம். இதைப் பத்தி நீட்டி எழுத ஒண்ணும் இல்லை, கூட்டம், கடை, வெளிநாட்டுக்காரங்க. ஒரே ஒரு விஷயம் சொல்லணும். நாங்க திருச்செந்தூர் கடலைப் பாத்து வளந்தவங்க. எங்களுக்குக் கடல்னா சூரியன் உதிக்கிற இடம். கன்னியாகுமரிக்கு அம்மா ரெண்டு தடவை போயிருக்கா, ரெண்டு தடவையும் மேகம் மூடிக்கிட்டு. அன்னைக்குக் கோவளத்துல வானம் சுத்தமா இருந்தது. எழுபத்திரண்டு வயசுல முதல் தடவையா சூரியன் கடலுக்குள்ள இறங்குறதைப் பாத்துட்டு, "உள்ள போற சத்தம் கேக்குமோன்னு நினைச்சேன்"னா. பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா.

வெள்ளிக்கிழமை விடிகாலையில பத்மநாபசாமி கோயில். ஆம்பளைங்க சட்டை இல்லாம வேட்டி, பொம்பளைங்க சேலை. சுடிதார் போட்டிருந்தா மேல ஒரு முண்டு சுத்திக்கணும். 2011-ல நிலவறையைத் திறந்ததுல இருந்து எல்லாரும் தங்கத்தைப் பத்தியேதான் பேசுறாங்க. அம்மாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை. பெருமாள் படுத்திருக்கிறார், மூணு வாசல் வழியா முகம், நாபி, பாதம்னு தனித்தனியா பாக்கணும். "நம்ம திருப்புளிங்குடியில பாதத்தை மட்டும் ஜன்னல் வழியாப் பாப்போம்லா, அது மாதிரிதான்"னு எங்க நவதிருப்பதிக் கணக்குல அதைச் சேத்துட்டா.

அம்மா அப்படிச் சேத்ததுல ஒண்ணும் தப்பில்லை. எங்க ஊருக்குப் பக்கத்துல ஆழ்வார்திருநகரி. அங்க புளியமரத்தடியை விட்டு நகராம உக்காந்திருந்தார்னு சொல்லப்படுற நம்மாழ்வார், திருவாய்மொழியில பத்தாம் பத்துல திருவனந்தபுரத்துக்குன்னே ஒரு பதிகம் பாடியிருக்கார். அதுல நம்ம ஆளுகளைக் கூப்பிட்டு, கிளம்புங்க, போய்ச் சேருங்கன்னு சொல்லுவார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்க தாலுகாக்காரர் ஒருத்தர் போட்ட பயணப் பதிவு. அதுவும் போகாமலே போட்டது. நம்மள்ல சில பேர் இப்பவும் அப்படித்தான் எழுதுறீங்க, பேர் சொல்லலை :-)

கோயிலை விட்டு வந்து கொஞ்ச தூரம் நடந்தா சாலை பஜார். இங்க வந்ததும்தான் எனக்கு மூச்சு சீரா வந்தது. மிளகாய் வத்தல் மூட்டை, வெங்காயம், தோவாளைப் பூ, எங்க பக்கத்து வாழைத்தாரு. கடைக்குள்ள பாதிப் பேச்சு தமிழ். ஒரு கடைக்காரர் என்னைப் பாத்ததும் "அண்ணாச்சி, திருநெல்வேலியா, தூத்துக்குடியா?"ன்னார். நான் வாயைக்கூடத் திறக்கலை! எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவுலதான் கடை வச்சிருந்தார். கல்லாவுல இருந்துக்கிட்டே இந்தத் தெருவோட சுமட்டுக்காரங்க, களவாணிகள், பிச்சைக்காரங்களை எல்லாம் கதையாக்கினவர். 2015-ல சாகித்ய அகாதமி விருது வந்தது, 2021-ல காலமானார். கடை வச்சுக்கிட்டு எழுதுறவன்கிற முறையில எனக்கு அவர்மேல தனிப் பாசம். நகுலன் வாழ்ந்ததும் நீல. பத்மநாபன் எழுதினதும் இந்த ஊர்லதான். பள்ளிக்கூடத்துல நாம எழுந்து நின்னு பாடுற தமிழ்த்தாய் வாழ்த்து எங்க இருந்து வந்தது? திருவனந்தபுரத்துல தத்துவப் பேராசிரியரா இருந்த சுந்தரம் பிள்ளை 1891-ல வெளியிட்ட மனோன்மணீயத்துல இருந்து. திருநெல்வேலி யுனிவர்சிட்டிக்கு அவர் பேரை வச்சிருக்கோம், அவர் வாழ்ந்த ஊருக்கு ஆஸ்பத்திரி சீட்டோட மட்டும் போயிட்டு வரோம்.

என் கருத்து இதுதான், ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. ஒரு ஊருக்கு எப்பவுமே தேவையோட மட்டும் போனா, அந்த ஊர் நம்மளைத் தேவைக்காரனாத்தான் நடத்தும். நாமளும் அதை வரிசை, டோக்கன், வாட்ச்மேன்னு மட்டும்தான் பாப்போம். அப்புறம் ஒரு சண்டை வந்தா, முல்லைப் பெரியாறோ குப்பையோ எதுவா இருந்தாலும், "அவன்"னு பேசுறது ரொம்பச் சுலபமா வந்துடும். எனக்கும் வந்திருக்கு. சாலைத்தெருவுல ஒரு சாயா குடிச்சு, சாப்பாட்டுக்கடையில ரோஸ் கலர் தண்ணியை வச்சதும் "இது என்ன எழவு"ன்னு அம்மா முழிக்க, பரிமாறுறவர் பதிமுகப் பட்டையைக் கொண்டு வந்து காட்டிச் சிரிச்சாரே, அதுக்கப்புறம் "அவன்" கொஞ்சம் கஷ்டமாத்தான் வரும்.

கடைசியா மிருகக்காட்சி சாலை. 1857-ல ஆரம்பிச்சது. பக்கத்துலயே 1880-ல கட்டி முடிச்ச நேப்பியர் மியூசியம், சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸைக் கட்டின அதே சிஸோம்தான் இதையும் வரைஞ்சு கொடுத்தவர். மியூசியத்தை வெளிய நின்னே பாத்துட்டு நேரே உள்ள போனோம். மரங்களுக்கே தனியாப் போகலாம், அத்தனை நிழல். எங்க எதைப் பாக்கப் போறோம்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. நீர்யானை தண்ணிக்குள்ள கிடந்தது, முதுகு மட்டும் தெரிஞ்சது. பத்து நிமிஷம் நின்னோம். ஒரு தடவை தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, திரும்ப உள்ள போயிட்டு. அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதைப் பாக்கணும்னா அந்த மனுசன் அப்படிக் கிடந்து அலைஞ்சாரு?"ன்னா. அப்புறம் நிழல்ல போய் உக்காந்துக்கிட்டா. நான் பொண்ணைக் கூட்டிட்டு அடுத்த கூண்டுப் பக்கம் போயிட்டேன்.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். ரயில்னா திருச்சி - திருவனந்தபுரம் இன்டர்சிட்டி திருநெல்வேலி வழியாத்தான் போகுது. பஸ்ஸுன்னா நாகர்கோவில், மார்த்தாண்டம் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடவே போட்டுக்கங்க. ஆட்டோக்காரங்க எங்களுக்குக் கேக்காமலே மீட்டர் போட்டாங்க, திருநெல்வேலி ஜங்ஷன் பழக்கத்துல நான்தான் முன்கூட்டியே பேரம் பேசி அசிங்கப்பட்டேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் திங்கட்கிழமை லீவு. திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க.

திரும்பி வந்து அண்ணாச்சிக்கு அரைக் கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், பிரிச்சார், ஒரு கை அள்ளி வாயில போட்டார். "வே, இந்த ஏத்தங்காய் நம்ம ஊர்ல வெளஞ்சது. ஓணத்துக்கு லாரி லாரியா அங்க போவுதுல்லா. நம்ம காயை நமக்கே வித்திருக்கான் பாத்தீரா?"ன்னார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது பாத்தேன், பாக்கெட் காலி.